ஒரு மம்பட்டி அகலம்

மாடு பத்துகிற கம்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மாடு இல்லை. கம்பு இருக்கிறது.

போன கார்த்திகையில் ஒரு காலை, சீனியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். சீனியம்மாள் என் வீட்டுக்காரி. தீப்பெட்டி ஆபீஸ் வேனை அவள் மறித்து நிறுத்தின கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “வேனுக்குக் கலர் தப்பு” என்றாள்.

மழை விட்டு இரண்டு நாள். கரிசல் செருப்பைப் பிடுங்கியது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். காலில் மண் அப்பி அப்பி, காடு போய்ச் சேருவதற்குள் ஆளுக்கு ரெண்டு இஞ்சு வளர்ந்துவிட்டோம்.

எங்கள் புஞ்சையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மினிபஸ்ஸை உள்ளே இறக்கி நிறுத்தினால் கூரை வெளியே தெரியாது. கீழே ஓடையில் தொடங்கி, மேலே மலையைப் பார்த்து ஏறி வருகிறது. வருசா வருசம் மழைக்கு அதன் வாய் இன்னும் கொஞ்சம் மேலே நகரும். நாங்கள் கெடங்கு என்போம்.

கெடங்கின் வாயில் இருந்து மேல்பொழி வரைக்கும் சீனியம்மாள் கம்பைப் படுக்கப் போட்டு அளந்தாள். பொழி என்றால் புஞ்சையைச் சுற்றின மண்வரப்பு. போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை கம்பின் நுனி ஒரு கல்லில் இடித்தது.

“ரெண்டரைக் கம்பு,” என்றாள்.

“மூணு இருக்கும்.”

“எனக்கு அளக்கத் தெரியாதா? வேணும்னா நீங்க போடுங்க.”

நான் போடவில்லை.

அந்தக் கல் தலையணை அளவு இருக்கும். அதற்குக் கீழேதான் எங்கள் மூத்த பிள்ளை இருக்கிறாள். பதினோரு நாள் இருந்தாள். பெயர் வைக்கவில்லை. எங்கள் வீடுகளில் பெரியவர்களை எரிப்போம். பால்குடிப் பிள்ளையை எரிப்பதில்லை, மண்ணில் வைப்போம். சொந்தப் புஞ்சை இருந்தால் அதன் பொழியோரம் வைப்போம்.

ஒரு கம்பு ஐந்தடி. கெடங்கு இப்போதெல்லாம் ஒரு நல்ல மழைக்கு எட்டடி, பத்தடி தின்னும். கார்த்திகை முடிய இன்னும் நாள் கிடந்தது.

“ரெண்டு மழை,” என்றாள் சீனியம்மாள்.

அந்தக் கெடங்கை வெட்டினது நான்.

கேட்காமல் விட்டது

இது நாற்பது வருசத்துக்கு முந்தி. அப்போது கல்யாணமாகி ரெண்டு வருசம். பிள்ளை போனது ஆவணியில். அந்தக் கார்த்திகையில் அடைமழை.

வெளியூர்க்காரர்களுக்குக் கரிசலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் அது வெடிக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். மழை விழுந்தால் குடிக்கும். குடித்து உப்பும். உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்ட பிறகு ஒரு சொட்டு இறங்காது. தண்ணீர் மேலேயே நிற்கும். பருத்திக்கு மூன்று நாள் காலில் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளாகி விடும்.

தண்ணீர் போக வழி இருந்தது. பக்கத்துப் புஞ்சை ரெங்கசாமியுடையது. என் வயசுக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைப்போலத் தமிழ். அவன் புஞ்சையின் கீழ்மூலையில் ஒரு கல்வாய் உண்டு. பாறைக்கல்லைப் படி மாதிரி அடுக்கின வடிகால். தண்ணீர் அதில் இறங்கினால் மண்ணைத் தொடாமல் ஓடைக்குப் போய்விடும். எங்கள் தண்ணீரும் அதன் வழியாகப் போவதுதான் பழைய ஏற்பாடு.

ஆனால் வருசா வருசம் வாயால் கேட்க வேண்டும். “தண்ணி விடட்டுமா?” அவன் “விடு” என்பான். அவ்வளவுதான். கேட்டு யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கேட்காமல் விட்டால்தான் சண்டை.

அந்த வாரம் எனக்கும் ரெங்கசாமிக்கும் பேச்சு இல்லை. அவன் ஆடு எங்கள் பாசிப்பயற்றில் இறங்கிவிட்டது. நான் பிடித்துக் கட்டிவிட்டேன். அவன் வந்து அவிழ்த்துக்கொண்டு போனான். நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. பேசாமல் போனதுதான் ரெண்டு பேருக்கும் கோபம்.

மூன்றாம் நாள் மழையில் நான் மம்பட்டியோடு பொழியில் நின்றேன். அந்தப் பக்கத்துப் பொழியில் அவன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றான். கூப்பிடு தூரம். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கு நின்றான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் திரும்பி ஓடைக்கரைப் பொழிக்குப் போனேன். ஓடைக்கரைப் பொழியில் எங்கள் ஊரில் யாரும் மம்பட்டி வைக்க மாட்டார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும். நான் வைத்தேன். ஒரு மம்பட்டி அகலம், ஒரு முழ ஆழம். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடைக்குள் விழுந்தது.

பருத்தி பிழைத்தது.

தை மாசம் போய்ப் பார்த்தபோது, ஒரு மம்பட்டி அகலம் ஒரு கட்டில் அகலம் ஆகியிருந்தது. மண் போட்டு மூடினேன். மறுவருச மழை போட்ட மண்ணையும் கொண்டுபோய், பக்கத்தில் இன்னொரு கட்டிலும் கொண்டுபோனது.

“இது எப்படி உடைஞ்சுது?” என்று சீனியம்மாள் கேட்டாள்.

“மழைக்கு உடைஞ்சிட்டு,” என்றேன்.

பிள்ளை இருக்கிற இடம் அங்கிருந்து எழுபது எட்டு வைக்கிற தூரம். அதனால் அப்போது பயம் வரவில்லை. பொய் சொன்னதுதான் உறுத்தியது. அதுவும் நாளாவட்டத்தில் பழகிவிட்டது.

அது நடக்கிற விதம்

கெடங்கு மேலே இருந்து தோண்டிக்கொண்டு வருவதில்லை. அடியில் இருந்து தின்னும்.

மேலே ஓர் ஆள் உயரம் கரிசல். அதற்குக் கீழே சுக்கான். சுண்ணாம்பு கலந்த வெளுத்த மண், உருண்டை உருண்டையாக இருக்கும். தண்ணீர் வாயில் இருந்து விழுந்து அடியில் குழி பறிக்கும். சுக்கான் கரைந்து உள்ளே பொந்து விழும். கரிசல் மேலே தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் கெட்டியாகத் தெரியும். நம்பி மேலே நிற்கக் கூடாது.

கோடையில் விளிம்புக்குப் பின்னால், அதை ஒட்டினாற்போல ஒரு வெடிப்பு ஓடும். அந்த வெடிப்புதான் அடுத்த விளிம்பு. முதல் மழை அதில் நிறையும். பிறகு ஒரு நேரத்தில் முழுத் துண்டும் அப்படியே சாயும். பெரிய சத்தம் எல்லாம் இருக்காது. ஈரச் சாக்கு மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு ‘தொப்’. அவ்வளவுதான்.

சுவரில் பொந்து போட்டுப் பஞ்சுருட்டான் குருவி குடியிருக்கிறது. பச்சைக் குருவி, வாலில் ஒரு கம்பி நீண்டிருக்கும். வருசா வருசம் அதன் வீடு இடிந்து போகும். வருசா வருசம் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வந்து புதிதாகப் பொந்து போடும். கெடங்கு எவ்வளவு நடந்தது என்று பார்க்க எனக்குக் கம்பு வேண்டியதில்லை. குருவி எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

பானைப்பாறை

புஞ்சைக்கு மேற்கே ஒரு மலை. பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருப்பதால் பானைப்பாறை என்போம். மரம் இல்லை. மொட்டைக் கல்.

அந்தக் கல்லும் சும்மா இருப்பதில்லை. சித்திரை வெயிலில் சூடேறிக் கிடக்கும்போது பொசுக்கென்று ஒரு கோடைமழை அடிக்கும். அப்போது படீரென்று கேட்கும். வெங்காயத்தோல் மாதிரி ஒரு பத்தை கழன்று சரிந்து அடிவாரத்தில் கிடக்கும். கழன்ற இடம் கொஞ்ச நாள் ரோஸ் கலரில் இருக்கும். பிறகு அதுவும் கறுத்துவிடும்.

பிள்ளைக்கு மேலே வைத்த கல் அப்படிக் கழன்ற பத்தைதான். நானே தோளில் சுமந்து வந்தேன். நரியோ நாயோ தோண்டிவிடக் கூடாது என்று வைப்பது. அரை மைல் இருக்கும். இடையில் இறக்கி வைக்கவில்லை.

சில வருசத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்துக் காலேஜில் இருந்து சுத்தியலும் பையுமாக நாலைந்து பிள்ளைகள் வந்தார்கள். மலையைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு பொம்பளைப் பிள்ளை தண்ணீர் கேட்டு எங்களிடம் வந்தது. சீனியம்மாள் செம்பை நீட்டினாள்.

“இந்த மலை முந்தி எம்புட்டுப் பெருசு இருந்திருக்கும் தெரியுமா ஆச்சி?”

“நான் வாக்கப்பட்டு வந்தப்பவும் இம்புட்டுத்தான்.”

“அதுக்கும் முந்தி.”

“எங்க மாமியார் காலத்துலயும் இம்புட்டுத்தான் இருந்திருக்கும். கொறைஞ்சிருந்தா என்னையத்தான் சொல்லியிருப்பா.”

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னது. மலை முளைத்து மேலே வரவில்லையாம். ஒரு காலத்தில் சுற்றி எல்லாமே அந்த உயரத்துக்கு இருந்ததாம். இளகின கல் எல்லாம் வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து போய்விட்டதாம். கெட்டிக் கல் மட்டும் போகாமல் நிற்கிறதாம். அதைத்தான் நாம் மலை என்கிறோமாம்.

“மத்த எல்லாம் போயிட்டு, இது மட்டும் நிக்கி. அம்புட்டுத்தான் ஆச்சி.”

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்மா. கூட இருக்கவிய எல்லாம் பேசி முடிச்சுட்டுப் போயிருவாங்க. இவரு அங்கனயே நின்னுக்கிட்டு இருப்பாரு.”

அந்தப் பிள்ளை கெடங்கையும் இறங்கிப் பார்த்தது. மலைக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது, கல்லாக இருந்தால் மெதுவாக நடக்கும், மண்ணாக இருப்பதால் நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது என்றது. பிறகு கேட்டது: “இது எப்படித் தாத்தா ஆரம்பிச்சுது?”

“மழைக்கு,” என்றேன்.

சீனியம்மாள் செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றினாள்.

சுவரில் தெரிகிற வருசங்கள்

கெடங்கை நிறுத்த நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பங்குனியிலும் அதன் வாயை அடைப்போம்.

முதலில் பருத்திமார். பருத்தி எடுத்து முடித்ததும் செடியைப் பிடுங்கி எரிக்கக் கட்டுவோமே, அது. பாதியை அடுப்புக்கு, பாதியைக் கெடங்குக்கு என்று சீனியம்மாள் பிரித்து வைப்பாள். நான் சுமந்துபோய்த் திணிப்பேன். அவள் மேலே நின்று மிதிப்பாள்.

பிறகு அவள் கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனாள். அங்கே உடைந்த குச்சி, வளைந்த குச்சி என்று மூட்டை மூட்டையாகக் கழியும். மருந்து முக்காத வெறும் குச்சி. கேட்டு வாங்கி வருவாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம், “இது உம்மை விடக் கனம் கம்மிதான்” என்று சொல்லி ஏற்றிவிட்டாள்.

எங்கள் அடுத்த மகள் முத்துலட்சுமி புதியம்புத்தூரில் துணி தைக்கப் போனதும் வெட்டுத்துணி வர ஆரம்பித்தது. சட்டை வெட்டின மிச்சம், பாவாடை வெட்டின மிச்சம். சாக்கில் துணியையும் மண்ணையும் கலந்து அமுக்கி வாயில் அடுக்குவோம்.

ஒன்றும் நிற்கவில்லை. ஒரு மழை தாங்கும், ரெண்டு மழை தாங்கும். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் பறிக்கும். ஆனால் அடைத்ததில் கொஞ்சம் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்றைக்குக் கெடங்குக்குள் இறங்கிப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். ஓடைப் பக்கம் மக்கின பருத்திமார், கறுப்பாக. நடுவில் வெள்ளைக் குச்சி. மேலே வர வர பச்சை, சிவப்பு, மஞ்சள், பூப்போட்ட துணி.

நிலம் போகிறது, நிலம் போகிறது என்றுதான் சீனியம்மாள் எல்லாரிடமும் சொல்வாள். நானும் ஆமாம் என்பேன். எதற்காக அடைக்கிறோம் என்று நாங்கள் ரெண்டு பேரும் பேசினதில்லை. கீழ்ப்பக்கம் அரைக்குறுக்கம் நிலம் போனபோது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய் மேல்பொழியைப் பார்த்துத் திரும்பின வருசம்தான் கம்பை எடுத்துக்கொண்டு அளக்க வந்தாள்.

ரெங்கசாமியோடு பேச்சு அடுத்த பொங்கலுக்கே வந்துவிட்டது. ஆனால் கல்வாய்ப் பேச்சை நான் எடுக்கவில்லை. புஞ்சைக்குக் குறுக்கே ஒரு பொழி போட்டு, மேல்தண்ணீரை அவன் பக்கம் திருப்பிவிட்டால் கெடங்கு பட்டினி கிடந்து நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு அவனிடம் கேட்க வேண்டும். கேட்டால், அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று வரும். வந்தால் சீனியம்மாள் காதுக்குப் போகும்.

அவன் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டான். கெடங்கைப் பார்த்தால் மட்டும், “ஏலே, அடுத்த மழைக்குத் தூத்துக்குடியில இருந்து கப்பல் இங்கன வந்துரும்லே” என்பான்.

முத்துலட்சுமி சொன்னது

ரெண்டரைக் கம்பு என்று அளந்த அன்றைக்குச் சீனியம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

“யம்மா, அக்காவ வேற இடத்துல வச்சிருவோம்,” என்றாள் முத்துலட்சுமி. பார்த்தே இராத பிள்ளையை அவள் சின்னதிலிருந்து அக்கா என்றுதான் சொல்வாள். “ஜேசிபி எல்லாம் வேண்டாம். நானே வாரேன். நம்மளே பக்குவமா எடுத்துருவோம்.”

“ஒருக்க வச்சத எடுக்கக் கூடாது.”

“மழை எடுத்துட்டுப் போனா?”

சீனியம்மாள் போனை என்னிடம் நீட்டினாள்.

“யப்பா, நீங்க சொல்லுங்க.”

நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைப் போனில் சொல்ல முடியாது. “பாப்போம்,” என்றேன்.

“எதக் கேட்டாலும் பாப்போம்,” என்றாள் மகள். வைத்துவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். மக்காச்சோளத்துக்கு இன்னொரு மழை வேண்டும். எங்களுக்கு வேண்டாம். ஊரே மழை கேட்கிற நேரத்தில் வேண்டாம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

கல் இறங்கின காலை

வந்தது. ஒரு சாயங்காலம் பிடித்து விடிய விடிய ஊற்றியது.

காலையில் கம்பை எடுக்கவில்லை. அளக்க ஒன்றும் இல்லை என்று வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

கல் இருந்த இடத்தில் விளிம்பு இருந்தது. கல் கீழே கிடந்தது. சேற்றில் பாதி புதைந்து, கழுவின முகத்தோடு.

“என்னைய இறக்கி விடுங்க,” என்றாள் சீனியம்மாள்.

ஓடைப் பக்கமாகச் சுற்றி வந்து நான் முதலில் இறங்கினேன். கையைக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டினவள். முழங்கால் வலிக்காரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பருத்திமார் வருசம், குச்சி வருசம், துணி வருசம் எல்லாம் தாண்டி வாய்ப்பக்கம் வந்து நின்றோம்.

சுவர் புதிதாக அறுத்த மாதிரி ஈரமாக மினுங்கியது. மேலே இருந்து ஒரு முழம், ரெண்டு முழம், மூன்று முழம் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். வேர் இருந்தது. சுக்கான் உருண்டை இருந்தது. ஒரு நத்தைக் கூடு இருந்தது.

“ஒண்ணும் இல்லையே,” என்றாள்.

“நாப்பது வருசம் ஆச்சு.”

“இடுப்புல கறுப்புக் கயிறு கட்டியிருந்தேன்.”

“அதுவும் மக்கியிருக்கும்.”

உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார்களே, அப்படி.

“மண்ணாத்தான் இருக்கா,” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ஏட்டி, இது மழைக்கு உடையல. நான் வெட்டினது.”

“தெரியும்.”

“ரெங்கசாமிட்ட கேக்க முடியாம…”

“தெரியும்ங்க. அந்தத் தையிலயே அவன் பொண்டாட்டி சொல்லிட்டா. ஊருக்கே தெரியும். எங்களுக்குத் தெரியும்ங்கிறதுதான் உங்களுக்குத் தெரியாது.”

குருவி ஒன்று பொந்தைத் தேடி வந்து, பொந்து இல்லாமல் ரெண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனது.

“பெறவு ஏன் ஒண்ணும் கேக்கல?”

“முதல்ல கோவம். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். எங்க சொன்னீங்க? பெறவு, வருசா வருசம் தோள்பட்டை புண்ணாகப் பருத்திமார் சுமந்தீங்க. சொல்லுதத விட அது மேலுன்னு விட்டுட்டேன்.”

கையைச் சுவரில் இருந்து எடுத்தாள். சேலையில் துடைக்கவில்லை.

நான் குனிந்து கல்லைப் பிடித்தேன். மேலே கொண்டுபோக நினைத்தேன். அன்றைக்குத் தோளில் வந்த கல், இன்றைக்கு அசையக்கூட இல்லை.

“விடுங்க. அங்கனயே கிடக்கட்டும். தண்ணி வேகத்த மறிக்கும்.”

பக்கத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி அதற்கு ரெண்டு பக்கமும் நான் அணைத்து வைத்தேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரிசை நின்றது. வெயில் ஏறின பிறகு மேலே வந்தோம்.

ரெங்கசாமி வீட்டு வாசல்

வீட்டுக்குப் போகவில்லை. நேரே ரெங்கசாமி வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தான். இப்போதும் ஆடுதான் வளர்க்கிறான்.

“தண்ணி விடட்டுமா?” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். “எந்தத் தண்ணி?”

“என் புஞ்சைத் தண்ணி. உன் கல்வாய் வழியா.”

குழையைக் கீழே வைத்தான். உள்ளே திரும்பிப் பெண்டாட்டியிடம் தெலுங்கில் என்னவோ சொன்னான். அந்த அம்மா வந்து நிலையில் சாய்ந்துகொண்டு நின்று என்னைப் பார்த்தது.

“இதக் கேக்க நாப்பது வருசமாலே?”

நான் நின்றேன்.

“அன்னைக்கு மழையில சாக்கப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னேன். இப்பக் கேப்பான், இப்பக் கேப்பான்னு. சளி பிடிச்சதுதான் மிச்சம்.”

“உன் ஆடு…”

“அந்த ஆட்ட அந்தப் பங்குனிக் கோயில் கொடைக்கே தின்னாச்சு. நீயும் வந்து தின்ன.”

அது உண்மை. தின்றேன்.

“நீயாவது கூப்பிட்டிருக்கலாம்லா,” என்றேன்.

“கேக்கவேண்டியவன் நீ. நான் எப்படிலே விடுன்னு சொல்ல முடியும்?” என்றான். பிறகு முகம் மாறியது. “கல்லு இறங்கிட்டுன்னு சொன்னாங்க.”

“ஆமா.”

“தங்கச்சி என்ன செய்யுது?”

“வீட்டுக்குப் போயிட்டா.”

கொஞ்ச நேரம் ஆட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

“விடு,” என்றான்.

மார்கழியில் ரெண்டு பேரும் சேர்ந்து குறுக்குப் பொழி போட்டோம். சரிவுக்குக் குறுக்கே, மேல்தண்ணீர் முழுக்க அவன் கல்வாய்க்குத் திரும்புகிற மாதிரி. கல்வாயில் பெயர்ந்திருந்த படிக்கல்லை எடுத்து வைத்தோம். அவன் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். நான் வெட்டினது சரியில்லை என்று அவன் திரும்ப வெட்டினான்.

கண்மாய்

எங்கள் ஓடை ஊர்க் கண்மாயில் போய் விழுகிறது. மழைக்காலத்தில் புஞ்சை மண்ணை எல்லாம் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடும். கோடையில் கண்மாய் வற்றும். அடியில் கரம்பை கிடக்கும். தண்ணீர் அரைத்து அரைத்து மாவாகப் படிய வைத்த மண். அதைத் தோண்டிக் கொண்டுவந்து திரும்பப் புஞ்சையில் போடுவோம். எருவைவிட நல்லது. முந்தி மாட்டுவண்டி, இப்போது தாலுகா ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கி டிராக்டரில் அடிக்கிறார்கள்.

போன வைகாசியில் நாங்களும் அடித்தோம். சீனியம்மாள் கண்மாய்க்கு வந்துவிட்டாள். கரம்பை அடிக்கிற இடத்துக்கு அவள் அதற்கு முன்னால் வந்ததில்லை.

“இங்கன வேண்டாம். அங்கன எடுங்க,” என்றாள் டிராக்டர்காரரிடம். ஓடை வந்து விழுகிற மூலையைக் காட்டினாள்.

“அங்கன டிராக்டர் திரும்பாது ஆச்சி. எல்லாம் ஒரே மண்ணுதான்.”

“ஒரே மண்ணு இல்ல. அங்கன எடுங்க.”

“அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க.”

“அவ சொன்ன இடத்துல எடுப்பா,” என்றேன்.

முனகிக்கொண்டே திருப்பினார். டிரெய்லர் நிறைய ஏற்றினார். மேல்பொழி ஓரம் கொண்டுவந்து கொட்டினார். அடுத்த நடைக்குப் போனார்.

குவியல் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. சீனியம்மாள் உட்கார்ந்து ஒரு பாளத்தைக் கையால் உடைத்தாள். உள்ளே என்னவோ இருந்தது. நகத்தால் சுரண்டி இழுத்தாள். ஒரு துண்டுத் துணி. பச்சையில் வெள்ளைப் புள்ளி. கத்தரி பட்ட ஓரம் இன்னும் நேராக இருந்தது.

“முத்துலட்சுமி அனுப்பினது,” என்றாள்.

மண்ணை உதறி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்து, கல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். விளிம்பு வைகாசியிலும் அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் வெடிப்பு ஓடவில்லை. குருவி மட்டும் புதிதாக ஒரு பொந்து போட்டிருந்தது.

“இங்கன இருந்து ஆரம்பிங்க,” என்றாள்.

மம்பட்டியை எடுத்தேன். பழைய மம்பட்டிதான். பிடிக்கிற கணை நாலு தடவை மாற்றியாகிவிட்டது. இரும்பு இலை தேய்ந்து பாதி அகலம்தான் இருக்கிறது.

அவள் நின்ற இடத்தில் இருந்து பரப்ப ஆரம்பித்தேன்.